குரங்குச் சோதனை: வரைகலை இடைமுகங்களின் நம்பகத்தன்மையைச் சோதித்த வரலாறு

திரையில் தெரியும் பொத்தான், பட்டியல், சாளரம் ஆகியவற்றைச் சுட்டியால் சொடுக்கிக் கணினியை இயக்கும் முறையே வரைகலைப் பயனர் இடைமுகம். கட்டளைகளைத் தட்டச்சு செய்த பழைய முறையில், பயனர் அடுத்து என்ன செய்வார் என்பதை நிரலர் ஓரளவு ஊகிக்க முடிந்தது. சுட்டி வந்தபின் அந்த வசதி போயிற்று.

1983-இல் ஆப்பிள் நிறுவனத்தில் மேக்கின்டோஷ் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. அதன் நினைவகம் வெறும் 128 கிலோபைட்டு. (இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது.) மேக்ரைட், மேக்பெயின்ட் ஆகிய மென்பொருள்கள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இயங்கின. நினைவகம் நிரம்பும் தறுவாயில் எழும் பிழைகளை மனிதர் உட்கார்ந்து தேடிப் பிடிப்பது அரிது. எனவே பொறியாளர் ஸ்டீவ் கேப்ஸ் ஒரு சிறு நிரலை எழுதினார். அது மனம்போன போக்கில் சுட்டியை நகர்த்தும், சொடுக்கும், எழுத்துகளைத் தட்டும். கண்ணுக்குத் தெரியாத குரங்கு ஒன்று கணினி முன் அமர்ந்து விளையாடுவதுபோல் இருக்கும். அதன் பெயரும் 'மங்கி'தான். ஆனால் குரங்கு 'வெளியேறு' கட்டளையையும் அழுத்திவிடுமே! அதற்கு பில் அட்கின்சன் வழி சொன்னார். குரங்கு இயங்குகிறது என்று காட்டும் அடையாளம் ஒன்றைக் கணினியில் வைத்தார்கள். அதைக் கண்டால் மென்பொருள் அந்தக் கட்டளையை முடக்கிக்கொள்ளும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் இதே எண்ணத்துக்கு வேறு வழியாக வந்தார். 1988-இல் ஓர் இடிமழை இரவில், வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்தார். கம்பியின் இரைச்சல் கட்டளைகளுக்கிடையே குப்பை எழுத்துகளைச் சேர்த்தது. நிரல்கள் செயலிழந்தன. அன்று தொடங்கிய ஆய்வை அவர் பின்னர் வரைகலை மென்பொருள்களுக்கும் விரித்தார். 2000-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி ஆய்வில், முறையான விசை, சுட்டி உள்ளீடுகளையே தாறுமாறான வரிசையில் கொடுத்தபோது 21% மென்பொருள்கள் செயலிழந்தன. மேலும் 24% உறைந்து நின்றன.

2006-இல் மேக் இயங்குதளத்தில் நடந்த ஆய்வே மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அதில் 135 கட்டளை நிரல்களில் 7% மட்டுமே தோற்றன. வரைகலை மென்பொருள்கள் 30-இல் தப்பியவை எட்டே. ஒரே இயங்குதளத்தில்தான் இவ்வளவு வேறுபாடு! திரையின் அழகு உறுதிக்குச் சான்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் கண்டதில்லை.

இன்று ஆண்ட்ராய்டு நிரலர்களுக்கும் 'மங்கி' என்ற பெயரிலேயே ஒரு சோதனைக் கருவி உண்டு. ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே சொடுக்குகளை அதே வரிசையில் மீண்டும் செய்யும் என்பதால், பிழையைத் திரும்ப வரவழைத்து ஆராயலாம். ஆனால் நிரல் விழுந்ததா, உறைந்ததா என்பது மட்டுமே குரங்குக்குத் தெரியும். வட்டிக் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டு நிற்காமல் ஓடும் மென்பொருள் அதனிடம் தேறிவிடும்.