தணிக்கையை எதிர்த்த குறும்படம்

இந்தியாவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே திரைப்படத் தணிக்கை உண்டு. அதனை உச்ச நீதிமன்றத்தில் முதன்முதல் எதிர்த்தவர் கே. ஏ. அப்பாஸ். கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய மாநகர்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே நிறுத்திய அவரது குறும்படத்தில், பம்பாய் விலைமகளிர் தெருக் காட்சிகள் சில இருந்தன. அவற்றை வெட்டினாலன்றி யாவரும் காணத்தக்கதெனச் சான்றிதழ் தர இயலாது என்றது அரசு. அப்பாஸ் வழக்குத் தொடுத்தார். விசாரணையின்போதே, வெட்டின்றிச் சான்றிதழ் தர அரசு இசைந்தது. வேறொருவராயின் அத்துடன் அமைந்திருப்பார்; அவரோ முன்தணிக்கை முறையையே எதிர்த்து வாதாடினார்.

1970இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா முன்தணிக்கை செல்லும் என்றே தீர்ப்பளித்தார். ஆயினும் பாலுணர்வும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என அத்தீர்ப்பு வரையறுத்தது. ‘பண்டிட் குயின்’ படத்தின் ஆடையற்ற காட்சியை 1996இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது, துணை நின்றவற்றுள் தோற்றவர் பெற்ற இத்தீர்ப்பும் ஒன்று.