புவி வெப்பமாதலும் அனில் அகர்வாலின் இதழியலும்

முன்னுரை

மறைக்கப்பட்ட ஆவணங்களைத் தேடி வெளியிடுவது மட்டுமே புலனாய்வு இதழியல் ஆகாது. அனைவரும் காண அச்சிடப்பட்ட ஒரு புள்ளிவிவரம் எம்முறையில் கணக்கிடப்பட்டது என வினவுவதும் புலனாய்வே. இதற்குத் தக்க சான்றாக அனில் அகர்வாலின் (1947-2002) பணி அமைகின்றது.

இதழியற்பணி

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்ற அகர்வால், 1973இல் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழின் அறிவியல் செய்தியாளரானார். இமயமலைப் பகுதியில் எழுந்த சிப்கோ இயக்கம் குறித்து எழுதினார். காடு ஏழை மக்களின் வாழ்வாதாரம் என்னும் கருத்து அவர்தம் எழுத்துகளில் தொடர்ந்து இடம்பெற்றது. 1980இல் தில்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தை நிறுவினார். இந்தியச் சுற்றுச்சூழல் பற்றிய முதல் குடிமக்கள் அறிக்கையை 1982இல் அம்மையம் வெளியிட்டது. 1992இல் ‘டவுன் டு எர்த்’ இதழ் தொடங்கப்பெற்றது.

கணக்கும் நீதியும்

வாஷிங்டனிலுள்ள உலக வள நிறுவனம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, பசுங்குடில் வாயுக்களை மிகுதியாக வெளியிடும் நாடுகளின் வரிசையில் இந்தியாவுக்கு ஐந்தாமிடம் அளித்தது. அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் வெளியிட்ட ‘சமமற்ற உலகில் புவி வெப்பமாதல்’ என்னும் ஆங்கில நூலில் இக்கணக்கை மறு ஆய்வுக்கு உட்படுத்தினர்.

கடலும் காடும் உள்ளிட்ட இயற்கை அமைப்புகள் உறிஞ்சிக்கொள்ளும் வாயுவின் அளவை, நாடுகள் வெளியிடும் அளவுக்கேற்ப அந்நிறுவனம் பகிர்ந்திருந்தது. இம்முறையில் மிகுதியாக மாசுபடுத்திய நாடே மிகுதியான தள்ளுபடியைப் பெற்றது. அதே அளவை மக்கள்தொகைக்கேற்பப் பகிர்ந்தால், இந்தியாவின் வெளியீட்டில் பெரும்பகுதி அதற்குரிய பங்கினுள் அடங்கிவிடுவதை அவ்விருவரும் நிறுவினர். நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும் மகிழுந்து உமிழும் கரியமில வாயுவையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்றனர். முன்னது உயிர்வாழ்தலின் பொருட்டும் பின்னது வசதியின் பொருட்டும் வெளிப்படுவன என்பது அவர்கள் வாதம். ஏழை உழவரைக் குற்றவாளியாக்குவதா என்னும் வினா இக்கணக்கில் அடங்கியிருந்தது.

முடிவுரை

ரியோ மாநாட்டுக்கு (1992) ஓராண்டு முன்னரே பகிர்வு நெறி குறித்த விவாதத்தை இந்நூல் கூர்மைப்படுத்தியது. எனினும், தலா சராசரி என்னும் அளவுகோலுக்கும் வரம்பு உண்டு. நாட்டினுள் நிலவும் ஏற்றத்தாழ்வை அது காட்டுவதில்லை. இன்று ஆண்டு வெளியீட்டில் இந்தியா மூன்றாமிடத்தில் உள்ளது. தலா வெளியீட்டிலோ உலகச் சராசரியினும் குறைந்தே நிற்கின்றது. இவ்விரு கூற்றுகளும் உண்மையே. எக்கூற்று யாரால், எதன்பொருட்டு முன்வைக்கப்படுகிறது என ஆராயும் நெறியே அகர்வாலின் இதழியல் விட்டுச்சென்ற கொடை எனலாம்.