களம் சின்னதா, வேலை பெரிசா? - ஒரு 1 ஜிபி போர்டும் கொஞ்சம் மெமரி வரலாறும்

படிப்பது பி.காம். எழுதப் போவது கம்ப்யூட்டர் மெமரியின் வரலாறு. "ஏண்டா உனக்கு இந்த வேலை?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏழாயிரம் ரூபாய் விவாதம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்குப் பாபநாசம் பக்கம் சின்ன உரக்கடை. குறுவையோ சம்பாவோ, பாதி வியாபாரம் கடன்தான். நடவுக்கு வாங்கிப் போகிற மூட்டைக்கு அறுப்பு முடிந்த பிறகுதான் பணம் வரும். இந்தக் கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தவன் நான்தான். அதற்காகச் சீனியர் ஒருவரிடம் பழைய ராஸ்பெர்ரி பை 4 வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரே ஒரு போர்டு, 1 ஜிபி மெமரி. வீட்டில் சும்மா கிடந்த டிவியில் சொருகினால் ஓடும், கரண்டும் அதிகம் இழுக்காது.

ஒரு நாள் கணக்கு ஃபைல் திறந்திருக்கும்போதே நான் பிரவுசரில் பத்து டேப் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மவுஸ் நகரவில்லை. கடை வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். அது திட்டுவதை விட மோசம்.

ராத்திரி சொன்னேன், "4 ஜிபி போர்டு வாங்கிடலாம்ப்பா. ஏழாயிரத்துக்குப் பக்கம் ஆகும்." அப்பாவுக்கு ஏழாயிரம் என்றால் ஐந்து மூட்டை டிஏபி. ஒரே கேள்விதான் கேட்டார்: "இப்ப இருக்கிறது எதுக்குப் பத்தலைன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். நம்ம ஊர் ஆட்களுக்கு மெமரி என்றால் என்ன என்று சொல்வது சுலபம். மெமரி கார்டு என்பது பத்தாயம். நெல் அங்கே கிடக்கும். ரேம் என்பது களம். வேலை நடப்பது களத்தில்தான். களம் சின்னதாக இருந்தால் அடித்த நெல்லைப் பாதியில் பத்தாயத்தில் கொட்டி, மறுபடி அள்ளி வந்து, மறுபடி கொட்டி... வேலையை விடச் சுமப்பதுதான் அதிகம் நடக்கும். கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆவது பெரும்பாலும் இந்தச் சுமக்கிற கூத்துதான். ராஸ்பெர்ரி பையில் இன்னொரு சிக்கல். மெமரி போர்டிலேயே பற்ற வைத்து வரும். மேஜைக் கம்ப்யூட்டர் மாதிரி கூட ஒன்றைச் சொருக முடியாது. களத்தைப் பெரிசாக்க வேண்டும் என்றால் வேறு களம்தான் வாங்க வேண்டும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

இந்தியாவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் ஹெச்இசி-2எம். இங்கிலாந்தில் செய்தது. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1956-ல் வேலைக்கு வந்தது. சுழலும் டிரம்தான் அதன் மெமரி, கொள்ளளவு 1,024 சொற்கள். அடுத்து பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் நம்மவர்களே கட்டிய டிஃப்ராக், 1960-ல் முழுதாக ஓடத் தொடங்கியது. அதன் மெமரி 2,048 சொற்கள், ஒரு சொல்லுக்கு 40 பிட். கணக்குப் போட்டால் சரியாக 10 கேபி. என்னிடம் இருக்கும் 1 ஜிபி அதைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். அந்த 10 கேபியை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். நான் ஒரு லட்சம் மடங்கை வைத்துக்கொண்டு உரக்கடைக் கணக்கு ஓடவில்லை என்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது :-)

ஆனால் என் பிரச்சினைக்கு நேர் பதில் கிடைத்தது டிஃப்ராக்கில் அல்ல, பிபிசி மைக்ரோவில். 1981 டிசம்பரில் இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி கொண்டுவந்த மெஷின் அது. கீபோர்டுக்கு அடியில் ஒரே போர்டு. நம் நாட்டுக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளில் கம்ப்யூட்டர் வைத்தபோது வைத்தது இந்த பிபிசி மைக்ரோவைத்தான். நம் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பாடத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அதில் இரண்டு மாடல். ஏ மாடலில் 16 கேபி, பி மாடலில் 32 கேபி. முதலில் அறிவித்த விலை 235 பவுண்டு, 335 பவுண்டு. சில மாதங்களில் 299, 399 என்று ஏறியது. அப்போதும் இப்போதும் வித்தியாசம் 100 பவுண்டு. (பி மாடலில் மெமரியோடு வேறு சில இணைப்புகளும் கூடுதல்.) ஏ மாடல் வாங்கியவர் பிறகு சிப்புகளை வாங்கிப் பொருத்தி பி ஆக்கிக்கொள்ளலாம். ஆக, "மெமரி கூட்டலாமா வேண்டாமா" என்று 1982-லேயே பல வீடுகளில் எங்கள் வீட்டு விவாதம் நடந்திருக்கும்!

இப்போது கவனியுங்கள். இந்த மெஷினில் திரையில் தெரியும் படமும் அதே மெமரியில்தான் உட்கார வேண்டும். திரைக்குப் பல 'மோடு'கள் உண்டு. மோடு 0, 1, 2 எடுத்தால் படம் தெளிவாக அல்லது கலர் கலராக வரும், ஆனால் திரை மட்டும் 20 கேபி தின்றுவிடும். 16 கேபி ஏ மாடலில் அவை ஓடவே ஓடாது. மோடு 7 வெறும் எழுத்துக்கு, டெலிடெக்ஸ்ட் மாதிரி. அதற்கு 1 கேபி போதும். மெஷின் தன் சொந்த உபயோகத்துக்கு 3.5 கேபி வைத்துக்கொள்ளும்.

பி.காம். பையன் சும்மா இருப்பானா? கழித்துப் பார்த்தேன். பி மாடலில் மோடு 0: 32-ல் 20 போய், 3.5 போய், மிச்சம் 8.5 கேபி. ஏ மாடலில் மோடு 7: 16-ல் 1 போய், 3.5 போய், மிச்சம் 11.5 கேபி.

100 பவுண்டு குறைவாகக் கொடுத்தவருக்கு வேலை செய்ய இடம் அதிகம்! எழுத்து மட்டும் போதும் என்று அவர் முடிவு செய்திருந்தால். இந்த ஒரு கழித்தல் கணக்குதான் எனக்கு எல்லாவற்றையும் புரிய வைத்தது. களம் எத்தனை குழி என்பதற்கு முன்னால், களத்தை அடைத்துக்கொண்டு நிற்பது எது என்று பார்க்க வேண்டும்.

இருக்கும் இடத்தில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் அதே மெஷினில் உதாரணம் உண்டு. 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். 8 பால்வெளிகள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். எல்லாம் 32 கேபி மெஷினுக்குள்! கிரகங்களின் விவரத்தை எழுதி வைக்கவில்லை. சில எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கணக்குப் போட்டு உண்டாக்கினார்கள். திரையின் அளவையும் குறைத்து இடம் மிச்சம் பிடித்தார்கள்.

இந்தக் கதை ராஸ்பெர்ரி பை வரை நேராக வருகிறது. ஏகார்ன் கம்பெனிதான் ஆர்ம் பிராசஸரை உருவாக்கியது. 1985 ஏப்ரலில் முதல் சிப் ஓடியது. இன்று என் போர்டில் இருப்பது அதன் பேரன் பேத்தி. எலைட் எழுதிய பிரேபன் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஏ, பி என்ற மாடல் பெயர்கள் கூட பிபிசி மைக்ரோவின் ஞாபகமாக வைத்தவைதான்.

முதல் ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29-ல் வந்தது. 256 எம்பி, 35 டாலர். அதிலும் பிராசஸரும் படம் காட்டும் சிப்பும் ஒரே மெமரியைப் பங்கு போட வேண்டும். பாதிப் பாதியாகவும் பிரிக்கலாம். படம் வேண்டாம் என்றால் 224 எம்பி வேலைக்கு, 32 எம்பி திரைக்கு என்றும் வைக்கலாம். முப்பது வருடம் கழித்தும் அதே மோடு 0, மோடு 7 கதை!

அக்டோபர் 15-ல் அதே 35 டாலருக்கு மெமரியை 512 எம்பி ஆக்கிவிட்டார்கள். ஆகஸ்டில் வாங்கியவர் வயிறு எரிந்திருக்கும். இதிலிருந்து எல்லோரும் கற்ற பாடம், "பொறுத்திருந்தால் மெமரி மலிவாகும்." நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் 2025 அதைப் பொய்யாக்கியது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதில் விலை ஏறியது. ஜனவரியில் 120 டாலருக்கு வந்த 16 ஜிபி ராஸ்பெர்ரி பை 5, டிசம்பரில் 145 டாலர் ஆனது. அதே டிசம்பரில் 1 ஜிபி மாடலை 45 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். சின்னக் களம் மறுபடி கடைக்கு வந்துவிட்டது.

ஆகவே விலை இறங்கும் என்று காத்திருப்பதும், ஏறும் என்று பயந்து வாங்குவதும் இரண்டுமே யூகம்தான். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காமல் யாராவது நாற்று விடுவார்களா? அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று உட்கார்ந்தேன்.

டெர்மினலில் 'ஃப்ரீ' என்ற கட்டளை கொடுத்தால் மெமரி நிலவரம் வரும். அதில் 'ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்த்து பயப்படக் கூடாது. லினக்ஸ் சும்மா கிடக்கும் இடத்தை ஃபைல்களை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், கேட்டால் காலி செய்து கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற எண்ணை, அப்புறம் 'ஸ்வாப்' வரியை. ஸ்வாப் என்பதுதான் பத்தாயத்துக்கும் களத்துக்கும் நடக்கும் சுமை.

ஒரு வாரம் கடை நேரத்தில் குறித்து வைத்தேன். கணக்கு ஃபைல் மட்டும் திறந்திருந்தால் பாதிக்கு மேல் காலி, ஸ்வாப் பூஜ்யம். பிரவுசரைத் திறந்து நாலைந்து டேப் போனதும் ஸ்வாப் ஏற ஆரம்பிக்கிறது. பத்தாவது டேப்பில் கதை முடிகிறது. ஆக, பத்தாமல் போனது அப்பாவின் கணக்குக்கு அல்ல. என் டேப்புகளுக்கு.

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். முடிவு இதுதான்: கடை போர்டில் பிரவுசர் கிடையாது, எடுத்துவிட்டேன். மேயும் வேலையெல்லாம் என் போனில். ஏழாயிரம் குறுவைச் சரக்குக்குப் போகிறது. அந்தப் பணம் மூட்டையாகி, கடனாகி, அறுப்புக்குப் பிறகு கொஞ்சம் லாபத்தோடு திரும்பி வரும். வகுப்பில் 'ஆப்பர்சூனிட்டி காஸ்ட்' என்று படித்தது வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது.

எப்போதும் 1 ஜிபி போதும் என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு பில் போடுகிற வேலையே பிரவுசருக்குள் போய்விட்டால், அன்றைக்கு 4 ஜிபி வாங்கத்தான் வேண்டும். மோடு 0 தேவைப்பட்டவர் பி மாடல் வாங்கியது தப்பே இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் அன்றைக்குக் கையில் எண்ணோடு போய்க் கேட்பேன்.

பழைய நோட்டு இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. "அது இருக்கட்டும்டா" என்கிறார் அப்பா. போன வாரம் முழுக்க அதைத் திறக்கவில்லை. நான் கவனித்தேன்.