அபாப்கா ஏரியின் பாசி ஓரம் மறைந்தது

ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோவுக்கு மேற்கே கிடக்கும் அபாப்கா ஏரியின் பாசி ஓரம் 1947 புயலில் அடிபட்டு விழுந்தது. பிறகு முன்போல எழுந்திருக்கவில்லை. ஏரி இருக்கிறது, சுமார் 125 சதுர கிலோமீட்டர் பரப்பு, சராசரியாக ஓர் ஆள் உயரம்கூட இல்லாத ஆழம். மீனும் இருக்கிறது. போனது, மீன் எங்கே நிற்கும் என்று காட்டிக்கொண்டிருந்த அந்த ஓரம்தான்.

புயலுக்கு முன்பு, நாடா போல நீண்ட இலைப்பாசி தரையில் வேரூன்றி, தெளிந்த நீரில் மேல்மட்டம்வரை வளர்ந்து நின்ற காலம் அது. பெருவாய் பாஸ் மீனுக்காகவே வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள். கரையைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட மீன்பிடி முகாம்கள். பாஸ், வெகுதூரம் துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல; பதுங்கிப் பாயும் மீன். பாசிக்குள் உடம்பை ஒளித்துக்கொண்டு வெளித்தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும். அதனால் பாசி முடிந்து வெறுந்தண்ணீர் தொடங்கும் கோட்டை ஒட்டியே படகு போகும். தூண்டில் இரையும் அந்தக் கோட்டோடு நீந்திவர வேண்டும். பாசிக்கு நடுவே முழ அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தால் இன்னும் நல்லது. காற்றே இல்லாதபோது ஓர் இலை மட்டும் அசைந்தால், பேச்சை நிறுத்திவிட வேண்டியதுதான்.

புயல்மேல் பழியைப் போட்டுவிடுவது வசதி. ஆனால் 1940களிலேயே வடகரைச் சதுப்பில் சுமார் 8,000 ஹெக்டேரைக் கரைகட்டி வடித்துக் காய்கறி போட்டிருந்தார்கள். போர்க்காலம்; யாரும் தடுக்கவில்லை. வயலின் உரத்தண்ணீர் பாஸ்பரஸோடு ஏரிக்கே திரும்பி வந்தது. புயல் பாசியைப் பிடுங்கியதும், அந்த உரத்தில் நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சைக் குழம்பானது. ஒரு முழம் இறக்கினால் துடுப்பின் நுனி தெரியாது. வெளிச்சம் இறங்காத இடத்தில் வேர்ப்பாசி முளைக்காது. வேர் பிடித்துவைக்காத சேற்றைச் சிறு காற்றும் கலக்கிவிடும். பாஸ் முட்டையிடும் கெட்டித் தரையும் சேற்றில் மூழ்கியது.

மற்ற ஏரிகளில் பாசி பட்டுப்போனால் மீனைத் தேட வழியுண்டு. அழுகும் பாசி மூச்சுக்காற்றைக் குடித்துவிடும் என்பதால், இன்னும் பச்சையாக நிற்கும் திட்டையோ, அமிழ்ந்த மரத்தையோ, கல்லையோ பார்த்துப் போவார்கள். இங்கே தட்டையான தரை, மெத்தென்ற சேறு. போக்கிடமென்று மிஞ்சியவை தென்மேற்கு மூலையின் ஊற்றும் வடக்கே வெட்டிய கால்வாயும் கரையோர நாணலும்தான். முகாம்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

பாஸுக்குப் பதில் பெருகியது ஷேட் என்ற மீன். தூண்டிலுக்கு மசியாத அதை 1950களின் கடைசியில் அரசே மருந்து போட்டுக் கொன்றது. செத்ததை அள்ளாமல் விட்டதால் மறுபடியும் ஏரிக்கே உரமானது. இவ்வளவு மோசமான வைத்தியம் எந்த நோயாளிக்கும் வாய்த்திருக்காது.

1996இல் சட்டம் போட்டு வயல்களை விலைக்கு வாங்கினார்கள். 1998இல் அவற்றில் தண்ணீர் விட்டபோது, மண்ணிலிருந்த பழைய பூச்சிமருந்து மீன்வழியாக ஏறி நூற்றுக்கணக்கான பறவைகளைக் கொன்றது. ஷேட்டை 1993 முதல் வலைபோட்டு அள்ளுகிறார்கள். மீனோடு பாஸ்பரஸும் வெளியேறுகிறது. தண்ணீர் முன்பைவிடத் தெளிந்து, இலைப்பாசி திட்டுத்திட்டாக முளைத்திருக்கிறது. தாமாக வந்தவையும் உண்டு, நட்டவையும் உண்டு. பாஸ் குஞ்சுகளையும் விட்டிருக்கிறார்கள்.