எதிர்மனுதாரர் நம்பர் 1

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நம்மாட்களுக்கு இரண்டு காகிதங்கள் வயிற்றைக் கலக்கும். ஒன்று டிரான்ஸ்ஃபர் ஆர்டர். இன்னொன்று கோர்ட் சம்மன். முதலாவதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி ரொம்பவே உண்டு (இருபது வருஷ வங்கி உத்தியோகத்தில் ஆறு ஊர்). இப்போது சொல்லப்போவது இரண்டாவதைப் பற்றி.

கார் லேசாக ஒரு ஸ்கூட்டரைத் தட்டிவிடுகிறது. ஓட்டி வந்தவருக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், போலீசில் சொல்லி, அதோடு முடிந்தது என்று இருப்போம். பல மாதம் கழித்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வரும். 'எதிர்மனுதாரர் நம்பர் 1' என்று நம் பெயர் இருக்கும். நம்பர் 2 இன்சூரன்ஸ் கம்பெனி. கேட்கும் தொகை சில லட்சங்கள்.

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் 1855-இல் தொடங்கும் கதை ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் பயம் பாதி குறையும்.

அந்தக் காலத்து ஆங்கிலேயச் சட்டத்தில் ஒரு விசித்திரம். உன்னால் எனக்குக் காயம் என்றால் நான் வழக்குப் போடலாம். நான் செத்துப்போனால் வழக்கும் என்னோடு செத்துவிடும். ஆக, காயப்படுத்துவதைவிடக் கொல்வது மலிவு! ரயில் வந்து விபத்துகள் பெருகிய பிறகு இங்கிலாந்து இதை 1846-இல் மாற்றியது. இந்தியாவில் 1853-இல் பம்பாய்–தாணா ரயில் ஓடியது. 1855-இல் உயிர்ச்சேத விபத்துச் சட்டம் வந்தது. இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்காக இழப்பீடு கேட்கலாம் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் போக வேண்டியது சிவில் கோர்ட்டுக்கு.

சிவில் கோர்ட் என்றால் என்ன என்பதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. 1947 செப்டம்பரில் தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போன ஒரு தனியார் பஸ் விபத்துக்குள்ளானது. அதில் பயணம் செய்த ஒருவர் இறந்துபோனார். குடும்பத்தினர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தீர்ப்பு வந்தது 1961-இல். சுதந்திரம் கிடைத்த அடுத்த மாதம் நடந்த விபத்து. கடைசித் தீர்ப்பு வருவதற்குள் நாடு இரண்டு பொதுத்தேர்தல் பார்த்துவிட்டது. கோபால்ட் மோட்டார் சர்வீஸ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இதற்கிடையே இரண்டு மாற்றங்கள் நடந்தன. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாய இன்சூரன்ஸ் பகுதி 1946 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. அடிபட்டவருக்குக் கொடுக்க வண்டிக்காரரிடம் பணம் இருக்குமா என்ற கேள்விக்குப் பதில் அது. அடுத்து 1956 திருத்தம், விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தது. சிவில் வழக்கின் நீண்ட நடைமுறை இல்லாமல், சுருக்கமாக விசாரித்துத் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. (சுருக்கமாக முடிகிறதா என்று கேட்காதீர்கள். இழுத்தடிப்பு இங்கேயும் உண்டு.)

ஆக, நமக்கு வரும் நோட்டீஸ் இந்த இரண்டும் சேர்ந்து பெற்ற பிள்ளை. பெயர் நம்முடையது, பணப்பை இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. நாக்பூரில் என் கிளையில் இருந்த தஞ்சாவூர்த் தம்பி ஒருவனுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தபோது, "சார், அரெஸ்ட் பண்ணிடுவாங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். தீர்ப்பாயம் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. அஜாக்கிரதையாக ஓட்டியதாகப் போலீஸ் போடும் கிரிமினல் வழக்கு வேறு, இது வேறு. அவன் செய்தது இவ்வளவுதான்: நோட்டீஸின் நகலோடு பாலிசி, ஆர்.சி., லைசென்ஸ் நகல்களைச் சேர்த்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினான். முதல் வாய்தாவுக்கு நேரில் போனான். கடைசியில் லோக் அதாலத்தில் சமரசம் ஆனது. பணம் கொடுத்தது கம்பெனி. "கோர்ட்டுக்கெல்லாம் ஏன் போகணும், அந்த ஆளிடம் ஏதாவது கொடுத்து முடி" என்று ஊரிலிருந்து மாமனார் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாமல் தனியாகப் பேரம் பேசுவதைப்போல ஆபத்து வேறில்லை. பாலிசி நிபந்தனையே அதைத் தடுக்கிறது.

ஆனால் லைசென்ஸ் சரியாக இல்லாவிட்டால் கதை மாறும். 2004-இல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது இது: லைசென்ஸ் கோளாறுக்காக அடிபட்டவரைக் கைவிட முடியாது, கம்பெனி முதலில் கொடுக்க வேண்டும், உரிமையாளர் பக்கம் தவறு நிரூபணமானால் பிறகு அவரிடம் வசூலிக்கலாம். 'கொடு, பிறகு வசூலி' என்ற இந்த உத்தரவுதான் உண்மையில் பயப்பட வேண்டியது.

நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான வருஷம் 1994. அதற்கு முன் விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில்தான் மனுப் போட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்து விழுப்புரத்தில் அடிபட்டால், வழக்குக்காகக் கான்பூரிலிருந்து விழுப்புரத்துக்கு அலைய வேண்டும். எத்தனை பேர் அலுத்துப்போய் விட்டிருப்பார்கள்! 1994 திருத்தம், மனுதாரர் வசிக்கும் ஊரிலோ தொழில் செய்யும் ஊரிலோகூட மனுப் போடலாம் என்றது. இது இருபுறமும் வெட்டும் கத்தி. கிருஷ்ணகிரி அருகே நாம் தட்டிய ஸ்கூட்டர்க்காரர் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவராக இருந்தால், நோட்டீஸ் கட்டக்கிலிருந்தும் வரலாம். பதற வேண்டாம். கம்பெனிக்கு உடனே தெரிவித்துவிட்டால், அந்த ஊர் வழக்கை நடத்த அங்கே அவர்களுக்கு வக்கீல் உண்டு.

மறுபக்கத்தையும் நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கு ஒன்றில் 1993-இல் உச்ச நீதிமன்றம், மைனர்களுக்கும் எழுத்தறிவில்லாதவர்களுக்கும் உரிய தொகையை வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போடச் சொன்னது. அதன் மேல் கடன் தரக்கூடாது, வட்டியை மாதாமாதம் நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்படிப்பட்ட ரசீதுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வட்டி வாங்க மாதம் தவறாமல் ஒரு அம்மாள் வருவார். கூடவே கடன் கேட்டு ஒரு மைத்துனரும் வருவார். "கோர்ட் உத்தரவு, முடியாது" என்று சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் தெரியும் நிம்மதி இருக்கிறதே! அன்றுமுதல் இழப்பீடு கேட்பவர்களை 'பணம் பறிக்க வந்தவர்கள்' என்று பேசுவோரிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பொய் மனுக்கள் இல்லாமல் இல்லை. அதற்காக எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

மனுப் போடும் காலக்கெடுவின் கதை பரமபதம். 1956-இல் 60 நாள். 1969-இல் ஆறு மாதம். 1988 சட்டத்திலும் ஆறு மாதம், காரணம் சொன்னால் ஒரு வருஷம் வரை. 1994-இல் கெடுவையே எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தத்தில் ஆறு மாதம் மறுபடி முளைத்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டு, தாமதத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அடிபட்டவர் நீங்களாக இருந்தால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கு. தீர்ப்பாய நோட்டீஸ் பெரும்பாலும் ஆர்.சி.யில் உள்ள முகவரிக்குத்தான் போகும். அங்கே யாரும் இல்லாமல், நாம் ஆஜராகாமல் போனால், நம் பக்கத்தைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரலாம். முகவரி மாறினால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேஸ் கனெக்‌ஷன், பிள்ளைகளின் டி.சி. இவற்றோடு இதையும் அந்த லிஸ்டில் எழுதிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் முகவரியையும் கையோடு மாற்றிவிடுங்கள்.