ஒரே இடம், ஒரே நாள், யாருக்கு? பழவேற்காட்டுப் பாடும் ஸ்விஃப்ட்டேட்டாவும்

இந்த எபிசோட்ல ஒரு மென்பொருள் செய்தியையும் ஒரு ஏரியோட பழைய வழக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறோம். ஆப்பிள் நிறுவனம் 2023-ல் ஸ்விஃப்ட்டேட்டாவை அறிமுகப்படுத்தியது. ஆப்பை மூடினாலும், சிக்னல் இல்லாவிட்டாலும், தகவலைப் போனிலேயே பத்திரமாக வைத்திருக்க உதவும் ஃப்ரேம்வொர்க் அது. 2024-ல் அதில் சில புது வசதிகள் சேர்ந்தன. அந்தப் பட்டியலைப் படிச்சதும் எனக்குப் பழவேற்காடு ஞாபகம் வந்தது.

சென்னைக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டி, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற மீனவ ஊர்கள். இறால் நல்லா கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே கழி நட்டு வலை கட்டினா தினமும் சண்டைதான். அதனால முறை வச்சாங்க: இன்னைக்கு இந்த இடம் உனக்கு, அடுத்த முறை வேற இடம். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லாத் தலைக்கட்டுக்கும் சுற்றி வரும். இதுக்குப் பேர்தான் பாடு.

இதே ஊரில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கிழக்கிந்திய கம்பெனி எதையும் காகிதத்தில் எழுதி வைக்கும். அந்தக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பாடு அப்படிக் காகிதத்தை நம்பி நின்ற முறை இல்லை. அதைக் காப்பாற்றியது ஊர்க்கூட்டமும், தன் முறை எப்போ வரும்னு ஒவ்வொரு குடும்பமும் வச்சிருந்த கணக்கும்தான்.

இப்போ மென்பொருளுக்கு வருவோம். ஸ்விஃப்ட்டேட்டாவுக்கு அடியில் இருப்பது 2005-ல் வந்த கோர் டேட்டா. அது வழக்கமாகத் தகவலைச் சேமிப்பது எஸ்கியூலைட்டில். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையின்போது அவருக்கு அந்தத் தேவை தோன்றியது. ஆண்ட்ராய்டில் 2017-ல் வந்த ரூம் நிற்பதும் அதே எஸ்கியூலைட் மேல்தான்.

2023-ல் வந்த ஸ்விஃப்ட்டேட்டாவில், ஒரு தனித் தகவலை மட்டும் "இது இன்னொரு முறை வரக்கூடாது" என்று குறிக்க முடிந்தது. பாட்டுக்கு அது போதாது. ஏன்னா அதே இடம் நாளைக்கும் வரும். அதே நாளில் வேற இடங்களும் இருக்கும். வரக்கூடாதது ஒன்றுதான்: ஒரே இடமும் ஒரே நாளும் சேர்ந்து இரண்டு பேருக்கு. 2024-ல் வந்த யுனிக் என்ற வசதி, இப்படிப் பல தகவல்களைச் சேர்த்து ஒரு விதி எழுத விட்டது. கூடவே வந்த இண்டெக்ஸ், இன்னைக்கு யார் முறைன்னு முழுப் பட்டியலையும் புரட்டாமல் தேடித் தரும்.

ஆனா இங்கேதான் ஒரு சிக்கல். அந்த விதி மீறப்பட்டால் ஸ்விஃப்ட்டேட்டா சண்டைக்கு வராது. புதுசா வந்த தகவலை வைத்துப் பழைய பதிவைத் திருத்திவிடும். உங்க ப்ரொஃபைல் படத்துக்கு அது சரி. பாட்டில் அது நடந்தா, முதலில் பதிந்தவரோட முறை சத்தமே இல்லாமல் அடுத்தவருக்குப் போயிடும். ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேரும் எழுந்து நின்னு கேட்பாங்க. ஆப்பில் கேட்க ஆள் இல்லை. அதே ஆண்டு வந்த ஹிஸ்டரி வசதி, எந்தப் பதிவு எப்போது மாறியது என்று பின்னால் போய்ப் பார்க்க உதவும். ஆனால் அழித்த பதிவிலிருந்து எந்தத் தகவல் தங்க வேண்டும் என்பதை டெவலப்பர் முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கணும்.

இதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று. பாடு நியாயமான முறைன்னு ஆய்வாளர்கள் பலர் பாராட்டியிருக்காங்க. உள்ளே இருக்கிறவங்களுக்கு அது நியாயம்தான். ஆனா அது குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட சமூகத்தின் ஆண்களுக்கான பட்டியல். பாடு இல்லாத ஊர்கள் பங்கு கேட்டபோது ஏரியில் மோதல்கள் நடந்தன. அதே தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

இதை நாளைக்கு ஒருத்தர் ஆப்பாக எழுதுறார்னு வைங்க. 'தலைக்கட்டு' என்ற கட்டத்தைக் கட்டாயம் நிரப்பணும்னு வச்சா, அந்தப் பெண்ணோட உழைப்பைச் சேமிக்கவே முடியாது. ஊர் வழக்கத்தைப் பேசிப் பேசி, சண்டை போட்டாவது மாற்றலாம். கோடில் அது யார் கண்ணுக்கும் தெரியாத விதியாகிவிடும்.

டேட்டாவின் அமைப்பை மாற்றும்போது பழைய பதிவுகளைப் புது அமைப்புக்குக் கொண்டுபோக மைக்ரேஷன் வசதி ஸ்விஃப்ட்டேட்டாவில் முதல் நாளிலிருந்தே இருக்கு. அதனால் ஆப் எழுதுற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். யுனிக் விதி எழுதும் முன்னாடி, யார் யாரெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்குறாங்கன்னு கரையில நின்னு ஒரு நாள் பாருங்க. மாடலை அதுக்கப்புறம் எழுதலாம்.