கையை வெட்ட மறுத்தவரும் கைவிடாத மருத்துவர்களும்

1949 பிப்ரவரியில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே இருந்த சிறு கட்டியை மருத்துவர்கள் அகற்றினார்கள். கட்டி மீண்டும் முளைத்தது. மார்ச்சில் சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் ராகவாச்சாரி அதை எடுத்தார். அது சார்கோமா என்னும் புற்று என்று தெரிந்ததும் கையையே எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் முடிவாக இருந்தது. மகரிஷி அதை ஏற்கவில்லை. அதற்காக மருத்துவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடவும் இல்லை. ரேடியம் வைத்தார்கள், காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மீண்டும் அறுவை செய்தார்கள். அடியவர்களின் விருப்பத்துக்காக நாட்டு வைத்தியமும் ஹோமியோபதியும்கூட நடந்தன. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் காலமானார். சொன்ன சிகிச்சையை மறுத்த புற்றுநோயாளியைக் கடைசிவரை பேணியதற்குத் தமிழ்நாட்டில் விரிவாகப் பதிவான ஒரு முன்னுதாரணம் இது.

சாதாரண மக்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. மறுப்பதற்கே முதலில் சிகிச்சை என்று ஒன்று இருக்க வேண்டுமே! சென்னைப் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே 1957இல் கோபால்ட் கருவி வந்தது. உணவுக்குழல் புற்றால் 1969இல் மறைந்த அண்ணாவின் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் பகுதிகளுக்கு அதுவே பக்கத்து அரசுப் புற்றுநோய் மருத்துவமனை.

கிராமத்தில் கதிர்வீச்சுக்குப் பெயர் 'கரண்ட் வைப்பது'. கரண்ட் வைத்தால் உடம்பு வெந்துவிடும், கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் பலரைத் தடுத்தது. நோய் முற்றிய பிறகே வந்து, அறுவைக்குப் பிறகும் பிழைக்காமல் போனவர்களைப் பார்த்தே அந்த அச்சம் வளர்ந்தது. அதை வெறும் அறியாமை என்று தள்ள முடியாது. அன்றாடக் கூலியும் தொலைவும் மீதியைச் செய்தன. 'சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்டதும் மருத்துவமனையின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துபோனது. வலி மட்டும் நோயாளியோடு வீட்டுக்குப் போனது.

அந்த வலிக்கான மருந்தையும் சட்டம் எட்டாமல் வைத்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின் மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருத்துவமனைகள் பலவும் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் செய்த திருத்தமே ஒற்றை உரிமத்துக்கு வழி விட்டது. இடைப்பட்ட காலத்தில் வழி காட்டியவை சிறிய அமைப்புகள்: 1986இல் மும்பையின் சாந்தி அவேதனா, 1993இல் கோழிக்கோட்டின் வலிநிவாரணச் சங்கம், சென்னை மாத்தூரில் மருத்துவர் மஞ்சுளா கிருஷ்ணசாமி தொடங்கிய ஜீவோதயா.

மறுக்கும் உரிமையும் சட்டத்தில் தாமதமாகவே தெளிவானது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அறுவை கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் வரையறுத்தது. அதே நீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பு, சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் ஏற்றது. அந்த நடைமுறையின் சிக்கல்கள் 2023இல் குறைக்கப்பட்டன.

தொழிலாளர் காப்பீட்டு விதியோ வேறு திசையில் நின்றது. 1990களின் பிற்பாதியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வந்தது. பிறகு ஒரகடத்திலும் கார், லாரி ஆலைகள் எழுந்தன. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் அட்டை இந்தப் பகுதியில் வீட்டுப்பொருளானது. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்குத் தகுதியுள்ள தொழிலாளிக்கு ஊதியத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகள் கிடைக்க வழி இருந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், நோய்க்காலப் படி பெறுபவர் அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையில் இருக்க வேண்டும், மருத்துவ அலுவலர் சொன்னபடி நடக்க வேண்டும் என்று 64ஆம் பிரிவில் விதித்தது. மருத்துவச் சான்றைப் பொய்யாகக் காட்டுபவரை மனத்தில் வைத்து எழுதியதுபோல் இருந்த விதி அது. கீமோ வேண்டாம் என்று நிதானமாக முடிவெடுப்பவரை அது நினைத்துப் பார்க்கவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளோடு வலிநிவாரண ஆதரவு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் பணிகளில் சேர்த்துக்கொண்டது.